தமிழ் அலமாரிக்கு யாரைக் கூட்டுச் சேர்ப்பது?

பிரிவு: பள்ளி நூலகங்கள், சிங்கப்பூர்

சிவப்புநாடா:
வணக்கம். உயர்நிலைப் பள்ளி நூலகம். தமிழ்ப் பகுதியில் ஏறக்குறைய 600 நூல்கள். தமிழ் எடுக்கும் மாணவர் எல்லா நிலைகளிலும் சேர்த்து 90 பேர். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ‘வெளி அமைப்புகளுடன் சேர்ந்து புத்தாக்கம்’ என்று ஏதாவது எழுதியாக வேண்டும். பொறுப்பாசிரியர் ஒருவர் (பாடவேலை போக), ஒப்பந்தத்தில் வரும் நூலக உதவியாளர் ஒருவர், மாணவ நூலகர் 14 பேர். அவர்களில் தமிழ் படிப்பவர் 3 பேர். யாரிடம் போகலாம், எதைக் கேட்கலாம், எப்போது? எழுத்தாளரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்துப் படம் எடுத்துக்கொள்வது வேண்டாம். அது ஏற்கெனவே நடக்கிறது.

கடைசிப்பக்கம்:
கடைசி இரண்டு வரி பிடித்தது டீச்சர். அங்கிருந்தே தொடங்குவோம். பேச்சாளர் போன பிறகு அலமாரியில் என்ன நிற்கிறது? ஒன்றும் இல்லையென்றால் அது நிகழ்ச்சி, கூட்டு முயற்சி ஆகாது. யாரிடம் போனாலும் ஒரே ஒரு பக்கத்தில் ஐந்து விவரம் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மாணவர், எந்த நிலை, எந்த வாரம், ஒரு முறைக்கு எத்தனை நிமிடம், முடிந்ததும் நூலகத்தில் என்ன மிஞ்சும். ஐந்தாவதை நிரப்ப முடியாவிட்டால் மின்னஞ்சலை அனுப்பவே வேண்டாம்.

நேரம் பற்றி. ஏப்ரலில் தமிழ் மொழி விழா. எழுத்தாளர், அமைப்புகள், தமிழ்ச் செய்தியாளர் எல்லாரும் மேடையிலும் மேடைக்குப் பின்னாலும் இருப்பார்கள். மார்ச்சில் போய் ‘ஏப்ரலில் வரமுடியுமா’ என்று கேட்டால் மரியாதையாக மறுப்பார்கள், அல்லது ஒப்புக்கொண்டு அரைகுறையாகச் செய்வார்கள். உயர்நிலை 4 தாய்மொழி எழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் தயாராகிக்கொண்டிருக்கும். அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்காம் தவணையை ஆண்டிறுதித் தேர்வு விழுங்கிவிடும். ஆக உயர்நிலை 1, 2 மாணவர், மூன்றாம் தவணை, 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரை. அதற்கான கடிதம் முந்தைய ஆண்டு நவம்பரிலேயே போயாக வேண்டும்.

பால்_894:
கூட்டாளி தேடுமுன் உங்கள் நூலகக் கணினிப் பட்டியலைச் சோதித்தீர்களா? பல பள்ளிகளில் தமிழ் நூல் இரவல் போகாததற்குப் பிள்ளைகள் படிக்காதது மட்டும் காரணமில்லை. தேடினால் கிடைப்பதில்லை. அலமாரியில் இருக்கிற நூல் கணினியில் ‘இல்லை’ என்று வரும்.

சோதனை எளிது. அலமாரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 20 நூல்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று விதமாகத் தேடுங்கள்: தமிழ் எழுத்தில், மாணவர் ஆங்கில எழுத்தில் தட்டும் விதத்தில், நூலாசிரியர் பெயரில். 60 தேடல், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கிடைக்காததற்கெல்லாம் எதிரே காரணம் குறியுங்கள். காரணங்கள் திரும்பத் திரும்ப இந்த நான்கில்தான் வந்து நிற்கும்.

ஒன்று, ஒலிபெயர்ப்பு. தமிழ் நூலின் முதன்மைப் பதிவு பெரும்பாலும் அமெரிக்க நூலக முறைப்படி ரோமன் எழுத்தில் இருக்கும். அந்த முறையில் ‘சிறுகதை’யின் முதல் எழுத்து ஆங்கில ‘சி’ (C) என்ற கணக்கில் விழும். நம் பிள்ளைகள் ‘எஸ்’ போட்டுத் தட்டுவார்கள். ‘தை’க்கு அவர்கள் போடும் ‘எச்’சும் பதிவில் இருக்காது. தமிழ் எழுத்துத் தலைப்பு மார்க் (நூலகக் கணினிப் பதிவு வடிவம்) பதிவின் 880ஆம் புலத்தில் இருக்கவேண்டும். அது காலியாக இருக்கும், அல்லது இருந்தும் தேடுபொறி அந்தப் புலத்தைப் படிக்காது. தேடுபொறி படிக்காத சிக்கலைத் தீர்க்க மென்பொருள் நிறுவனத்திடம் ஓர் அமைப்பை மாற்றச் சொன்னால் போதும். காசு கேட்கக்கூடாது, பெரும்பாலும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள் வருகிற வேலைதான்.

இரண்டு, பழைய எழுத்துரு. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முன்னால் தட்டிய பதிவுகள் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றிக்கொடுக்கும் கருவிகள் உண்டு. ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் சரியாக மாறும்.

மூன்றாவதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ‘கொ’வில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒருங்குறிச் சீராக்கம் (இருவிதக் குறியீட்டையும் ஒன்றாக்குவது) செய்யாத மென்பொருளுக்கு இவை இரு வேறு சொற்கள். ‘ஔவை’யும் அப்படித்தான்: ‘ஔ’ என்ற ஓரெழுத்து ஒருவிதம், ‘ஒ’வும் ‘ள’வும் பக்கத்தில் பக்கத்தில் தட்டிய ‘ஒளவை’ இன்னொருவிதம். இதில் சீராக்கமும் உதவாது, ஏனென்றால் இது எழுத்துப்பிழை. ‘கௌரவம்’, ‘மௌனம்’ என்று ஔகாரம் வரும் தலைப்புகளை எல்லாம் ஒருமுறை கையால் பார்த்துவிடுங்கள்.

நான்கு, வகைப்பாடு. தமிழிலக்கியம் முழுவதையும் டூயி தசம வகைப்பாட்டின் 894.811 என்று ஒரே எண்ணில் அடுக்கியிருப்பார்கள். நாவலும் சிறுகதையும் 894.8113இல் வரவேண்டும். 600 நூலில் 400 ஒரே எண்ணில் நின்றால் மாணவன் எங்கே தேடுவான்?

திருத்தும் முறை: 246ஆம் புலத்தில் மாணவர் தட்டும் எழுத்துக்கூட்டலை மாற்றுத் தலைப்பாகச் சேருங்கள். 653இல் ‘பேய்க்கதை’, ‘துப்பறியும் கதை’, ‘காற்பந்து’ என்று பிள்ளைகள் வாயில் வரும் சொற்களைத் தமிழிலேயே போடுங்கள். ஒரு நூலுக்கு 4 நிமிடம் வைத்தால் 600 நூலுக்கு 40 மணி நேரம். மாணவ நூலகர் மூவரும் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 14 வாரத்தில் முடியும்.

சிவப்புநாடா:
அவர்களுக்குத் தமிழில் தட்டத் தெரியவேண்டுமே.

பால்_894:
ஐபேடில் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. குரோம்புக்கிலும் தமிழ்99 உண்டு. சேர்க்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அமைப்புகளுக்குள் போய்ச் சேர்க்க 2 நிமிடம். பள்ளி மேலாண்மைச் செயலி அமைப்புகளைப் பூட்டியிருந்தால் பள்ளியின் தொழில்நுட்ப உதவியாளரிடம் சொல்லவேண்டும். அவர்தான் உங்கள் முதல் கூட்டாளி. வெளியே போகவே வேண்டாம்.

தேத்தண்ணி_கடை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘14 வாரம் பட்டியல் திருத்தினோம்’ என்று திட்டத்தில் எழுதினால் முதல்வர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தீர்களா பால் அண்ணே? :)

தேசிய நூலக வாரியத்தை விட்டுவிட்டீர்களே. பள்ளிகளுக்கு மொத்த இரவல் உண்டு. உங்கள் 600 பழையவை என்றால் ஒரு தவணைக்குப் புதுத் தமிழ் நூல்களைப் பெட்டியில் வரவழைக்கலாம். கேட்கும்போது ‘தமிழ் நூல்கள் 100’ என்று எழுதாதீர்கள். வாசிப்பு நிலை, வகை, பக்க அளவு மூன்றையும் எழுதுங்கள். ‘உயர்நிலை 1, 2, 120 பக்கத்துக்குள், மர்மம், விளையாட்டு, நகைச்சுவை, படக்கதை இருந்தால் நல்லது’ என்று. எழுதாவிட்டால் பெரியவர்களுக்கான நாவல் பாதி வந்து சேரும்.

பெட்டி வந்ததும் நூலின் முன்னட்டையிலும் முதுகிலும் ஒரே நிற வட்ட ஒட்டி ஒட்டுங்கள். பசை எளிதில் உரியும் வகை வாங்குங்கள், இல்லையென்றால் திருப்பும்போது அட்டையும் சேர்ந்து வரும். ஒட்டி இல்லாவிட்டால் நூல்கள் மூன்று வழியில் தொலையும்: உங்கள் அலமாரியில் கலந்துவிடும், மாணவன் வீட்டருகே உள்ள பொது நூலகத்தின் திருப்பிப் போடும் பெட்டியில் போட்டுவிடுவான், பொது நூலகத்தில் தன் சொந்த அட்டையில் எடுத்ததை உங்கள் முகப்பில் கொண்டுவந்து கொடுப்பான். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். உங்கள் பதிவேட்டில் அந்த நூல் அவன் பெயரிலேயே நிற்கும். முகப்பில் பெரிய எழுத்தில் ‘பச்சை வட்டம் இருந்தால் இங்கே மட்டும்’ என்று ஒட்டிவையுங்கள்.

ஓம்_விதி:
எழுத்தோடு தொடர்பில்லாத கூட்டாளி ஒருவர் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்: வடிவமைப்பு, தொழில்நுட்பப் பட்டறை. கீழ் உயர்நிலையில் எல்லாரும் படிக்கும் பாடம் அது. சூட்டுக்கோல் இருக்கும், பற்றவைக்கத் தெரிந்த ஆசிரியர் இருப்பார். அவரிடம் கேட்கவேண்டிய பொருள் ‘மரபுத்தொடர் மின்அட்டை’.

அட்டையின் இடப்பக்கம் 8 மரபுத்தொடர், வலப்பக்கம் மாற்றி அடுக்கிய 8 பொருள். ‘கம்பி நீட்டுதல்’ இடப்பக்கம், ‘தப்பி ஓடுதல்’ வலப்பக்கம் எங்கோ. மாணவன் இரண்டு முனைகளையும் சரியான இணையில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும்.

ஓர் அட்டைக்கு: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஏ4 அட்டை 2, சமையலறை அலுமினியத் தாள், 18 மி.மீ. ஒட்டுநாடா, இரட்டைக்கால் பித்தளைப் பின் 16. ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளி, 3 செ.மீ. இடைவெளியில் துளைகள். பின்னைச் செருகிப் பின்னால் கால்களை விரித்து, அலுமினியத் தாளை 1 செ.மீ. பட்டையாக வெட்டி, சரியான இணையின் பின்கள் இரண்டையும் தொடும்படி ஒட்டவேண்டும். பட்டையின் மேல் நாடாவை முழு நீளத்துக்கும் ஓட்டினால் இருபுறமும் 4 மி.மீ. விளிம்பு கிடைக்கும். அந்த விளிம்புதான் மின்காப்பு. ஒரு பட்டையை முழுவதும் மூடிய பிறகே அடுத்ததை அதன் மேல் குறுக்கே போடவேண்டும். எட்டும் முடிந்ததும் இரண்டாவது அட்டையால் பின்பக்கத்தை மூடிவிடலாம்.

விளக்குப் பேனா: இரண்டு ஏஏஏ பேட்டரி கூடு (மூடி திருகாணியோடு இருக்கவேண்டும்), 5 மி.மீ. சிவப்பு எல்இடி, 100 ஓம் மின்தடை, 40 செ.மீ. கம்பி இரண்டு. எல்லாம் ஒரே தொடரில். 3 வோல்ட்டில் சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுக்கும், மிச்சம் 1 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 10 மில்லிஆம்பியர். போதுமான வெளிச்சம். எல்இடியின் நீண்ட கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம். அட்டைக்குள் வெறும் பட்டைதான் என்பதால் எந்தப் பேனாமுனையை எந்தப் பக்கம் வைத்தாலும் சரி.

‘வெள்ளை விளக்கு அழகாக இருக்குமே’ என்பார்கள். வேண்டாம். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தேவை. பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே அணைந்துவிடும், பிள்ளை தன் விடை தவறு என்று நினைத்துக்கொள்வான். பொத்தான் பேட்டரியும் வேண்டாம். நூலகப் பொருள் வீட்டுக்குப் போகும், வீட்டில் தம்பி தங்கை இருப்பார்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சோதனையைத் தவிர்க்காதீர்கள். இடது எட்டையும் வலது எட்டோடும் தொட்டுப் பாருங்கள்: 64 தொடுதல், 8இல் மட்டும் எரியவேண்டும். 56இல் ஏதாவது ஒன்று எரிந்தாலும் எங்கோ பட்டை பட்டையைத் தொடுகிறது. எரியவேண்டிய எட்டில் எரியாதது இருந்தால் பெரும்பாலும் பின்னின் காலுக்கும் பட்டைக்கும் நடுவே நாடா புகுந்திருக்கும். 20 மாணவர் வகுப்புக்கு 10 அட்டை, 10 பேனா, கூடுதலாகப் பேனா 2. அட்டை செய்ய 60 நிமிட வகுப்பு இரண்டு. பேனா பற்றவைப்பு பட்டறையில் ஒரு வகுப்பு.

மைக்கூடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதில் வாசிப்பு எங்கே? விளக்கு எரிவதும் அணைவதும் பொம்மைக்கடையில் நடக்கிறது. எட்டு வரியைப் பொருத்துவதற்குத் தேர்வுத்தாள் போதும். ‘புத்தாக்கம்’ என்றாலே மின்சாரம் என்று நினைப்பதுதான் நம் பள்ளிகளைப் பிடித்த வியாதி.

ஓம்_விதி:
பாதி ஒப்புக்கொள்கிறேன். அட்டையைத் தீர்ப்பதில் வாசிப்பு கொஞ்சம்தான். *செய்வதில்* இருக்கிறது. எட்டு மரபுத்தொடரையும் பாடநூலிலிருந்து எடுக்கக்கூடாது, அலமாரி நூல்களைப் படித்து எடுக்கவேண்டும், பக்க எண்ணை அட்டையின் பின்பக்கம் எழுதவேண்டும் என்று விதி வையுங்கள். எட்டு கிடைப்பதற்குள் இருவர் சேர்ந்து இரண்டு மூன்று சிறுகதையாவது படித்தாக வேண்டும். பொருளைத் தங்கள் சொல்லில் எழுதவேண்டும், அகராதியைப் பார்த்து எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பவேண்டும். விதி இல்லாவிட்டால் நீங்கள் சொன்னதுபோலப் பொம்மைதான்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன்: நாலு தடவை விளையாடியதும் பிள்ளைகள் சொல்லைப் படிக்காமல் இடத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒரே பட்டை அமைப்பில் பத்து அட்டையும் செய்தால் முதல் அட்டையிலேயே பத்தும் தீர்ந்தது. குறைந்தது மூன்று அமைப்பாவது வேண்டும்.

மைக்கூடு:
பக்க எண் விதி நல்லது. அதற்காக ஏற்கிறேன்.

பால்_894:
அட்டைகளைப் பட்டியலில் ஏற்றுங்கள். பட்டைக்குறி (பார்கோடு) ஒட்டி, ‘பொருள் வகை: கருவிப்பெட்டி’ என்று பதிந்து, எந்த நூல்களிலிருந்து எடுத்தார்கள் என்பதைக் குறிப்புப் புலத்தில் எழுதுங்கள். அட்டையைத் தேடுகிறவன் நூலையும் காண்பான். கடைசிப்பக்கம் கேட்ட ‘அலமாரியில் என்ன நிற்கிறது’ என்பதற்கு அதுதான் விடை.

அட்டைகளை வைக்கும் பெட்டியில் கியூஆர் குறி வைப்பதானால் ஆசிரியர்களுக்கான ‘ஃபார் டாட் எடு டாட் எஸ்ஜி’ குறுஇணைப்பை உபயோகியுங்கள். சேருமிடத்தைப் பின்னால் மாற்றலாம், அச்சடித்த குறி அப்படியே இருக்கும். அளவு 2 செ.மீ.க்குக் குறையக்கூடாது, சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடுங்கள், பளபளப்பு உறை போடாதீர்கள், கூரைவிளக்கு பட்டால் கேமரா படிக்காது. உருவாக்கியவர் வேறு பள்ளிக்கு மாறும்போது இணைப்பின் உரிமையை மாற்றிக்கொடுக்க மறந்தால் அத்தனை குறியும் யாரும் திருத்த முடியாத குறியாகிவிடும்.

ஒலிநாடா:
மூத்தோரைச் சேர்க்க யாரும் சொல்லவில்லையே. வாய்மொழி வரலாறு. வாய்மொழி வரலாற்று மையம் 1979இல் தொடங்கியது, தேசிய ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தது. ஆவணக்காப்பகம் 2012 முதல் நூலக வாரியத்தின் கீழ். தமிழில் பேசிய நேர்காணல்களும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. முதல் வாரம் மாணவர் 10 நிமிடம் கேட்டு, கேள்வி கேட்பவர் எங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார் என்று மட்டும் குறிக்கட்டும். நம் பிள்ளைகளின் முதல் தவறு, தாத்தா மூச்சு வாங்குவதற்குள் அடுத்த கேள்வியைப் போடுவது.

பதிவு: கைப்பேசி போதும், விமானப் பயன்முறையில் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மேசைமேல் மடித்த துணி போட்டு. இடம்: இரண்டு புத்தக அலமாரிகளுக்கு நடுவே. நூல்கள் எதிரொலியை விழுங்கும். குளிர்சாதனத்தின் காற்று நேரே படும் இடம் ஆகாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம், வேவ் கோப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 520 மெகாபைட் அருகே வரும். மின்னஞ்சலில் போகாது, முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள்.

தானியங்கி எழுத்தாக்கத்தை நம்பி நேரத்தைக் கணக்கிடாதீர்கள். நம் மூத்தோர் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுவார்கள், ‘பாசார்’, ‘கம்போங்’, ‘லோரி’ வரும் இடங்களில் கருவி தடுமாறும். முழுவதையும் எழுத்தாக்க வேண்டாம். 30 நிமிடப் பதிவுக்கு நிமிடக்குறியோடு 12 வரிச் சுருக்கம், அதில் மூன்று சொல்லுக்கு விளக்கம். அது போதும், அதைத்தான் அடுத்தவர் படிப்பார்.

ஒப்புதல் படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும். குறியிடும் கட்டம் மூன்று, தனித்தனியாக: பள்ளிக்குள் பயன்படுத்தலாம், இணையத்தில் போடலாம், வெளி அமைப்பிடம் கொடுக்கலாம். மூன்றையும் ஒரே கையெழுத்தில் அடக்கிவிட்டால் ஒன்றுக்கு மனம் மாறினாலும் பதிவு முழுவதையும் எடுக்கவேண்டி வரும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது, அவற்றுக்கு வேறு விதிகள். ஆனால் உங்களோடு சேரும் தனியார் அமைப்புக்கு அந்தச் சட்டம் பொருந்தும். கோப்பைக் கொடுக்குமுன் இதைப் பேசிவிடுங்கள்.

தேத்தண்ணி_கடை:
காசு பற்றிச் சுருக்கமாக. வெளியார் பயிற்றுநர் கல்வி அமைச்சில் பதிந்தவரா என்று முதலில் பாருங்கள், தேதி குறித்த பிறகு பார்க்காதீர்கள். சிறுதொகை வரம்புக்குள் இருந்தால் கொள்முதல் எளிது. தாண்டினால் கெபிஸில் (அரசாங்க மின்கொள்முதல் தளம்) விலைப்புள்ளி கேட்கவேண்டும், அதற்குச் சில வாரம் போகும். ஓம்_விதி சொன்ன பத்து மின்அட்டை கொண்ட பெட்டி சிறுதொகைக்குள் தாராளமாக அடங்கும். முப்பரிமாண அச்சு, தையல் இயந்திரம் என்று ஆசை இருந்தால் வாங்காதீர்கள். பொங்கோல், ஜூரோங் வட்டார நூலகங்களில் ‘மேக்ஐடி’ கூடம் இருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். பள்ளியில் வாங்கிய இயந்திரத்துக்கு இரண்டாம் ஆண்டு உதிரிபாகம் வாங்க யாரும் காசு ஒதுக்குவதில்லை.

சிவப்புநாடா:
எல்லாருக்கும் நன்றி. இருக்கும் ஆள்பலத்துக்கு ஒன்றுதான் முடியும். எதை?

கடைசிப்பக்கம்:
பட்டியல் திருத்தமும் அட்டையும். இரண்டும் ஒரே வேலை, பிரிக்காதீர்கள். முதல் தவணையில் பால்_894 சொன்ன 20 நூல் சோதனை. இரண்டாம் தவணையில் கதைநூல்களின் பதிவு மட்டும், மற்றவை காத்திருக்கட்டும். மூன்றாம் தவணை 2, 3ஆம் வாரம் வாசித்து எடுப்பது, 4ஆம் வாரம் பட்டறை, 5, 6 அட்டை ஒட்டுவது, 7 சோதனையும் பதிவும். வெளிக்கூட்டாளி நூலக வாரியம் ஒன்றுதான், மொத்த இரவல் 2ஆம் வாரத்துக்கு வந்துசேரும்படி. வாய்மொழி வரலாறு அடுத்த ஆண்டு. அதற்கு ஒப்புதல் வாங்கவே ஒரு தவணை வேண்டும்.

முதல்வரிடம் காட்ட எண் வேண்டுமானால், கதைநூல் இரவல் எண்ணிக்கையை மூன்றாம் தவணைக்கு முன்னும் பின்னும் எடுங்கள். வருகைப்பதிவைக் காட்டாதீர்கள். நூலகத்துக்குக் குளிர்சாதனத்துக்காகவும் வருவார்கள்.

சிவப்புநாடா:
சரி. கடைசியாக ஒன்று: அட்டையும் பேனாவும் இரவல் போய்த் திரும்பும்போது உதவியாளர் எதைப் பார்க்கவேண்டும்? அவருக்குத் தமிழ் தெரியாது.

ஓம்_விதி:
தமிழ் தேவையில்லை. ஒவ்வொரு அட்டையின் மேல் ஓரத்திலும் ‘சோதனை’ என்று ஒன்பதாவது இணை ஒன்று வையுங்கள், நேர்ப்பட்டை, இரண்டு பின்னுக்கும் சிவப்பு வட்டம். பேனாவை அங்கே வைத்தால் எரியவேண்டும். எரிந்தால் வாங்கி வைக்கலாம். எரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கட்டும், அதற்கும் எரியாவிட்டால் பட்டறைக்கு அனுப்பட்டும். மூடியைத் திறக்கச் சின்னத் திருப்புளி ஒன்றை முகப்பு மேசையில் கயிற்றில் கட்டிவையுங்கள். கட்டாவிட்டால் ஒரே வாரத்தில் காணாமல் போகும்.